மீண்டெழுதலும் ஓர் உழைப்பே

உழைக்கும் மனிதரின் உடம்பில் எது முதலில் தேய்கிறது என்பது அவரவர் தொழிலைப் பொறுத்தது. கொழும்புப் புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைக்கு முதுகு. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவளுக்குக் கண்ணும் கழுத்தும். எங்களைப் போல் நாள்தோறும் வகுப்பில் நின்று பேசுவோருக்குத் தொண்டை. நிலத்தோடு நிலமாகக் குந்தியிருந்து வேலை செய்யும் பெண்களுக்கோ முழங்கால்.

என் தாயார் கொட்டாஞ்சேனையில் முப்பது ஆண்டுகள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால், மா குழைப்பதும் உரலில் இட்டுப் பிழிவதும் தட்டுகளை அடுக்குவதும் ஒரு சாண் உயரப் பலகையில் குந்தியிருந்தபடியே நடக்கும். எழும்புவதும் மீண்டும் குந்துவதும் ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவை என்று எவரும் எண்ணியதில்லை. நமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம் என்பது பெருமைக்குரிய உண்மை. ஆனால் பஸ் கூலியும் விடுதிச் சாப்பாடும் புத்தகமும் இலவசமல்ல. நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றது அந்த இடியப்பத்தின் வருமானத்தில்தான். ஆகவே அம்மாவின் முழங்கால் தேய்ந்ததற்கும் என் படிப்பு வளர்ந்ததற்கும் உள்ள தொடர்பு எனக்கு வெறும் உவமையன்று.

மூட்டில் இரண்டு எலும்புகள் சந்திக்குமிடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. வயதாலும் உடற்பாரத்தாலும் பழைய காயங்களாலும் அது தேய்கிறது. நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை அத்தேய்வை விரைவுபடுத்துகிறது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் முளைப்பதில்லை. எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியபின், மருந்தும் எண்ணெயும் பிடித்தலும் நோவைச் சற்று மறக்கச் செய்யுமேயன்றித் தேய்வை மாற்றமாட்டா. எஞ்சும் வழி மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை.

இச்சத்திரசிகிச்சையின் வரலாறு சுவையானது. 1890 இல் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோயால் அழிந்த முழங்காலுக்குப் பதிலாக யானைத் தந்தத்தில் செய்த மூட்டொன்றைப் பொருத்திப் பார்த்தார். கிருமித் தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின், 1968 இல், இங்கிலாந்தில் பணியாற்றிய கனடா நாட்டவரான ஃபிராங்க் கன்ஸ்டன் இயற்கை முழங்காலின் அசைவைப் பின்பற்றும் புதிய மூட்டை உருவாக்கினார். பொறியியல் கற்றுப் பின் மருத்துவரான அவர், தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. 1974 இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சாலும் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தும் பீட்டர் வோக்கரும் சேர்ந்து வடிவமைத்த மூட்டே இன்றைய மூட்டுகளின் முன்னோடி. தொடையெலும்பின் முனைக்குக் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோக உறை, காலெலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு, இடையில் பொலிஎதிலீன் என்னும் வலிய பிளாஸ்டிக் துண்டு: மூட்டின் அமைப்பு இவ்வளவே. இவ்வாறு பொருத்தப்பட்ட மூட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன என்று பல நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட கணக்கொன்று கூறுகிறது.

ஒருவர் உரிமை கோராது விட்ட அறிவு, வணிகரின் கையில் என்ன விலை பெறுகிறது என்பதையும் இங்கே பார்க்கவேண்டும். இந்தியாவில் 2017 ஓகஸ்டில் அரசு தலையிட்டு முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தபோது, அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்ற சாதாரண மூட்டின் விலை 54,720 ரூபாவுக்கு இறங்கியது. உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒரே இரவில் மலிந்துவிடவில்லை. இடைத்தரகரின் இலாபமே குறைந்தது.

எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்குக்கு ஒரு பக்கம் உண்டு. அம்மாவின் பெயர் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தபோதுதான் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. மருந்தும் உபகரணமும் தட்டுப்பட்டமையால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் நாட்டின் பல இடங்களில் ஒத்திவைக்கப்பட்டன. முறை வந்தபோது, கட்டிலுக்கும் நிபுணரின் கைக்கும் ஒரு சதமும் கேட்கப்படவில்லை. பொருத்தவேண்டிய மூட்டை மட்டும் நாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. சீட்டுக் காசும் இரண்டு காப்புகளும் அதற்குப் போயின.

நிற்க, நான் எழுத வந்தது சத்திரசிகிச்சையைப் பற்றியன்று. அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதன் பின் வந்த மாதங்களைப் பற்றியே எழுத வந்தேன்.

நமது வீடுகளில் நோயாளியை நேசிப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "ஆடாமல் அசையாமல் படுத்திரு" என்பதாகும். இந்தச் சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை அது தவறான அன்பு. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே அம்மாவை எழுப்பி, நான்கு கால் தாங்கியைக் கையில் கொடுத்து நடக்கவைத்தார்கள். பார்க்க வந்த உறவினர் இதைக் கொடுமை என்றார்கள். கொடுமையன்று, அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம், அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே இரத்தம் உறையாதிருக்க மருந்து தருகிறார்கள்; அதற்காகவே படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு தவறான அன்பு, முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. அது நோயாளிக்கு இதமாக இருக்கும். ஆனால் மடிந்த நிலையிலேயே கால் இறுகிவிடும். வீக்கம் வடியக் காலை உயர்த்த வேண்டுமானால் தலையணையைக் குதிக்காலின் கீழே வைத்து, முழங்கால் நேராக நீளும்படி விடவேண்டும். முதல் வாரங்களில் காலை மடக்குவதைப் போலவே, முழுதாக நீட்டுவதும் முக்கியம் என்று இயன்மருத்துவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நீளாத கால் நிரந்தரமாக நொண்டும்.

நோவைப் பற்றி மறைக்க வேண்டியதில்லை. மயக்க மருந்தின் வலு தீர்ந்தபின் அது வருகிறது, வீட்டுக்கு வந்த முதல் இரு வாரங்களில் மிகக் கடுமையாக இருக்கிறது, இரவில் கூடுகிறது. அம்மா ஆறு வாரங்கள் ஓர் இரவும் விடியும்வரை உறங்கியதில்லை. நோமாத்திரை உடம்புக்குச் சூடு என்று எண்ணி அதைத் தவிர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோவினால் பயிற்சி நிற்கிறது. பயிற்சி நின்றால் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகுகிறது. இறுகிய மூட்டைப் பல மாதங்களின் பின் இளக்குவது அரிது. மருத்துவர் விதித்த அளவில், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரையைக் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்தபின்தான் கால் மடங்கத் தொடங்கியது. பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வைப்போம். சுடவைத்த எண்ணெயுடன் வந்த பெரியம்மாவை, மிகுந்த மரியாதையுடன், தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

சில விடயங்களை முன்னரே அறிந்திருந்தால் வீண் அச்சம் இராது. வீக்கம் மூன்று மாதங்கள்வரை, சிலருக்கு ஆறு மாதங்களுக்கு மேலும் இருக்கும். முழங்காலைத் தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாயிருக்கும். நீலம் பாரித்தது கணுக்கால்வரை இறங்கும். நடக்கும்போது உள்ளே உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் மெல்லிய ஓசை கேட்கும். தழும்புக்கு வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போகும். அது ஒரு சிறு நரம்பு அறுபடுவதால் வருவது, காலப்போக்கில் சுருங்குமேனும் முற்றும் மறையாமலும் போகலாம். இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. ஆனால் காய்ச்சலும் காயத்தில் கசிவும் கூடிவரும் சிவப்பும், கெண்டைக்காலில் புதிய நோவும் வீக்கமும், திடீரென்ற மூச்சுத்திணறலும் நெஞ்சுநோவும் அப்படியானவையல்ல. அவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நான்காம் வாரத்தில் வேறொன்று வந்தது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இது என்ர கால் இல்லைப் பிள்ளை. ஆரோ மறந்துபோய் விட்டிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடக்குது" என்றார். பயிற்சிக்கு மறுத்தார். இந்த மனச்சோர்வும் பலருக்கு வருவதே. மருந்துச் சீட்டில் அது இராது. அதைத் தீர்த்தவர் எங்கள் தெருவின் மூன்றாம் வீட்டில் இருக்கும், நாங்கள் 'தாத்தா' என்றழைக்கும் முஸ்லிம் அக்காள். சில ஆண்டுகளுக்கு முன் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவர் அவர். கதவைச் சாத்திவிட்டுத் தமது தழும்பைக் காட்டி, "எனக்கும் ரெண்டு மாசம் இப்பிடித்தான். மடக்குங்க, நான் எண்ணுறேன்" என்றார். அன்றிலிருந்து பத்து நாட்கள் மாலைதோறும் வந்து எண்ணினார். நாங்கள் இருபது என்று சொல்லிக் கெஞ்சியதற்கு மடங்காத கால், அவர் முப்பது என்று அதட்டியதற்கு மடங்கியது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மருத்துவர்கள் முழங்காலின் மடிப்பைப் பாகையில் அளக்கிறார்கள். சமதரையில் நடக்க எழுபது பாகைக்குச் சற்றுக் குறைவாகப் போதும். படியேற எண்பதுக்கு மேல். படியிறங்கவும் கதிரையிலிருந்து எழும்பவும் தொண்ணூறுக்கு மேல். ஆறு வாரங்களில் தொண்ணூறு பாகை என்பது பொதுவாக வைக்கப்படும் இலக்கு. இறுதியில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது நூற்றுப்பத்து, நூற்றிருபது பாகை. குந்தியிருக்க அதற்கு மேலும் வேண்டும்.

இந்த எண்கள் கதிரையில் அமர்ந்து, மேசையில் உண்டு, கட்டிலில் உறங்கும் சமூகத்தில் பிறந்த எண்கள். எங்கள் வீடோ நிலத்தில் நடக்கும் வீடு. உண்பதும் அரிவதும் துவைப்பதும் நிலத்தில். மலசலகூடம் குந்தும் வகை. அதுவும் கீழே, நான்கு குடும்பங்களுக்குப் பொதுவாக. நாங்கள் குடியிருப்பது மேல்மாடி. ஏணிபோல் செங்குத்தான பதினான்கு மரப்படிகள். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முன்னே என்ற விதியை அம்மா இரண்டு நாட்களில் கற்றுக்கொண்டார். ஆனால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாத படியில் எந்த விதியும் தாங்காது. தச்சரைப் பிடித்துக் கைப்பிடி போட்டோம். வீட்டுக்காரர் முதலில் மறுத்து, பின்பு செலவு எங்களுடையது என்றதும் இணங்கினார்.

மேலே பயன்படுத்த ஒரு கழிப்புக் கதிரை வேண்டியிருந்தது. ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அக்கதிரைக்கு உரிமையாளர் யாரென்பது அங்கிருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஒரு கத்தோலிக்க முதியவருக்காக வாங்கப்பட்டு, பின் ஒரு சிங்களச் சாரதியின் தாயாரிடம் சென்று, அங்கிருந்து ஒரு முஸ்லிம் வீட்டுக்கும் ஒரு மலையகத் தமிழ்க் குடும்பத்துக்கும் போய், இப்போது எங்களிடம் வந்தது. 1983 ஜூலையையும் 2019 ஏப்ரலையும் கண்ட இத்தெருக்களில், இனமும் மதமும் கேளாமல் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருக்கிறது ஒரு பழைய கதிரை. அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பது உண்மை. ஆனால் ஒரு நகரத்தின் முதியவர்கள் எழுந்து நடமாடுவது ஒரே கதிரையின் அதிட்டத்தில் தங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியதாகாது.

2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. மாற்றியவர் மேலே சொன்ன ரணாவத் அவர்களே. மறு ஆண்டு ஜூனில் வலது முழங்கால் மாற்றப்பட்டது. ஜூலை நடுவில் ஆக்ராவில் பாகிஸ்தான் தலைவர் முஷாரஃபுடன் அவர் பேச்சுவார்த்தை நடத்தினார். அவரது துணிவைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. நோவு பிரதமருக்கும் இடியப்பக்காரிக்கும் ஒன்றே. மூட்டும் ஒரே வகை உலோகமே. வேறுபடுவது மூட்டைச் சுற்றியுள்ளவை. தூக்கி நிறுத்த ஆள், தொட்டவுடன் திறக்கும் கதவு, வீட்டுக்கே வரும் இயன்மருத்துவர், எத்தனை நாள் படுத்தாலும் நிற்காத சம்பளம் ஆகியன ஒரு பக்கம். மறுபக்கத்தில் என் தம்பியின் மனைவி.

அவள் வீட்டிலிருந்தே கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். பத்து வாரங்கள் அவளது இயந்திரம் மூடிக் கிடந்தது. எனக்குரிய விடுமுறை நாட்கள் முதல் மாதத்திலேயே தீர்ந்தபின், காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, பயிற்சி செய்வித்து, கதிரையின் பாத்திரத்தைப் பதினான்கு படிகள் இறக்கிக் கழுவி, மீண்டும் ஏற்றியவள் அவள். 'நோயாளி நன்றாகத் தேறி வருகிறார்' என்று வைத்தியசாலை அட்டையில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அவளது இழந்த கூலி இருக்கிறது. அந்தக் கூலியை எந்த அட்டையிலும் நான் காணவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சென்ற ஆண்டு எனது வகுப்பில், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஒரு மாணவி மூன்று வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது, பாட்டிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண், தூக்கி நிறுத்த வேறு ஆளில்லை என்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை பாட்டியின் காலை எத்தனை பாகைக்கு மடக்கவேண்டும் என்பதைப் பிழையின்றிச் சொன்னாள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி மட்டுமே இருந்தது.

இலவச மருத்துவம் நமது மக்களின் பெரும் பேறு; அதைக் குறைத்துப் பேசுவோருடன் நான் சேரமாட்டேன். 1950களின் தொடக்கத்தில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்திராவிட்டால் அம்மா இன்றும் சுவரைப் பிடித்தே நடந்துகொண்டிருப்பார். ஆனால் அந்தப் பேறு வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. தேறுவது என்பது வாசலுக்கு வெளியே, நோயாளியும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து மாதக்கணக்கில் செய்யும் வேலை. வேலை என்று ஏற்றுக்கொண்டால் அதற்குக் கருவி வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும். வட்டாரந்தோறும் இரவலாகக் கொடுக்கத் தாங்கிகளும் கழிப்புக் கதிரைகளும், வாரம் ஒருமுறையேனும் வீடு தேடிவரும் இயன்மருத்துவரும், பராமரிப்பவருக்குச் சம்பளத்துடன் விடுமுறையும் கேட்பது ஆடம்பரமாகாது. மூட்டின் விலையைக் கட்டுப்படுத்துவதும் இயலாத காரியமன்று. அயல்நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது.

இப்பொழுது பதினோராம் மாதம். அம்மா ஊன்றுகோலின்றிச் சந்தைக்கும் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் நடந்து போய்வருகிறார். கால் நூற்றுப்பத்து பாகை மடங்குகிறது. நிலத்தில் விழுந்து கும்பிட முடியாது, நின்று கும்பிடுகிறார். தழும்புக்கு அருகே ஒரு கையகலம் இன்னும் மரத்தே இருக்கிறது. மழைக்காலத்தில் உழைவு உண்டு. இச்சத்திரசிகிச்சை செய்துகொள்வோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எதிர்பார்த்த அளவு பயன் கிட்டவில்லை என்பதாக மருத்துவ உலகமே கூறுகிறது. அம்மா மற்ற நால்வரில் ஒருவர்.

அவர் மீண்டும் இடியப்பம் அவிக்கத் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஆனால் குந்தியிருந்தல்ல. தம்பி இடுப்புயரத்தில் ஒரு பலகை மேசை செய்து கொடுத்திருக்கிறான். அதன்மேல் உரலை வைத்து, உயரமான முக்காலியில் அமர்ந்து பிழிகிறார். மேசைக்கான மரமும் ஆணியும் மூட்டின் விலையில் நூற்றிலொரு பங்குகூட ஆகவில்லை. முதல்நாள் அதன் முன்னே அமர்ந்தவர் சிறிது நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முந்தியே இருந்திருக்கலாம், என்ன?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் மட்டும் இன்றும் ஆறு பெண்கள் ஒரு சாண் பலகையில் குந்தியிருந்து மா பிழிகிறார்கள். அவர்களில் இருவருக்கு என் வயது.